அண்ணையின் இரத்தப் பரிசோதனை

அம்மா மார்புப் புற்றுநோயால் இறந்தவ. போன வருடம் கனடாவில் இருக்கிற அக்காவுக்கும் அதே நோய் வந்தது. பரம்பரையாக வரும் மரபணு மாற்றம்தான் காரணம் என்று தெரிந்ததும், அக்கா என்னையும் அண்ணையையும் இரத்தம் சோதிக்கச் சொன்னா.

"உது பொம்பிளையளின்ரை வருத்தம். எனக்கென்னத்துக்கு?" என்றார் அண்ணை.

"அம்மாவின்ரை பிடிவாதம் உங்களுக்குத்தானே வந்தது? உதுவும் வந்திருக்கலாம்," என்றேன்.

கடைசியில் சம்மதித்தாலும், தெரிந்தவர்கள் காணக்கூடாதென்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே மருதனார்மடச் சந்தி ஆய்வுகூடத்துக்குள் வந்தார். உள்ளே இருந்த தாதி, பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்த பழைய மாணவி. "சேர், சுகமோ?" என்று பலத்துக் கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சில கிழமைகளில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. எனக்கு அந்த மாற்றம் இல்லை. அண்ணைக்கு இருந்தது.

"இருக்கிறதெண்டால் நோய் வந்திட்டுதெண்டில்லை. ஆனால் உங்கடை மகளுக்கும் போயிருக்கலாம்," என்றார் டொக்டர்.

 இந்த முறை நான் பகிடி விடவில்லை. வீட்டுக்குப் போனதும், கம்பஸில் படிக்கிற மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு எல்லாவற்றையும் தானே சொன்னார். சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே இருந்தார்; மேசையில் இருந்த சோற்றைத் தொடவில்லை.

"ஓம் அப்பா, நானும் சோதிக்க வாறன். முதல்லை நீங்கள் கதிரையிலை இருந்து சாப்பிடுங்கோ," என்றாள் அவள்.