மங்கலம் தாண்டினால் ஏட்டி

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவர். அம்மா, சாமளாபுரத்தில் தோட்டமும் விசைத்தறியும் வைத்திருந்த வீட்டுப் பெண். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள், இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும் சமயத்தில் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பள்ளிக்கூட நாளெல்லாம் அம்மாவோடு, அம்மாவின் அப்பாவான அப்புச்சி வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறித் திருப்பூரில் அப்பாவின் லைன் வீட்டுக்கு. அப்புச்சி வீட்டில் நாயை விரட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் விரட்ட வேண்டும். ஒருமுறை மாமன் மகளை, அப்பா என்னைக் கூப்பிடுவதுபோல, வாய்தவறி 'ஏட்டி' என்றுவிட்டேன். அப்புச்சி கோபப்படவில்லை. "அந்த ஊட்டுப் பேச்சு நமக்கு வேண்டாங் கண்ணு" என்றார். 'அந்த ஊடு' என்றால் என் அப்பா.

அங்கே போனால் கதை தலைகீழ். "சாப்ட்டீங்களாங்கப்பா" என்று கேட்டால் அப்பாவின் முகம் வாடிவிடும்.

"ஏட்டி, நான் என்ன ஒனக்கு மூணாம் மனுசனா? சாப்ட்டியாப்பான்னு கேளு."

அதனால் பஸ் பாதி வழியில் மங்கலம் தாண்டியதும் நாக்கை மாற்றிக்கொள்வேன். திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி மாற்றுவேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டது உண்டு. பிறகுதான் தெரிந்தது, இரண்டும் சரியாக ஒட்டவில்லை. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "நீங்க தெக்கத்திங்களா?" என்று கேட்டார்கள். அப்பாவின் ஊருக்குக் கோயில் கொடைக்குப் போனால், "கோயம்புத்தூர்க்காரில்லா இவ" என்று சிரித்தார்கள். போன இடமெல்லாம் நான் விருந்தாளி. ஆனாலும் மனதுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. 'ஏட்டி' என்று அப்பா கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கிறாளே, அவள்தான் உண்மையான நான் என்று.

வேலைக்குச் சேர்ந்த மறு வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நினைவு பாதிதான் திரும்பியது. ஆஸ்பத்திரிக்கு ஆபீசிலிருந்து நேராக ஓடினேன், கழுத்தில் அடையாள அட்டையோடு. பதற்றத்தில் நாக்கு மாறவில்லை.

"அப்பா, எப்படிங்க இருக்குது?"

அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நல்லாயிருந்த கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழப் பார்த்தார்.

"மொதலாளி வீட்டுப் பாப்பாவா? உக்காருங்கம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துருதேன்னு அப்பாட்ட சொல்லுங்க."

தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். 'நாந்தாம்ப்பா, ஒம் மவ' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வருடக்கணக்காக ஞாயிறுதோறும் பேசிய பேச்சு. வந்தது என்னவோ, "இல்லீங்கப்பா, நானுங்க."

"சரிங்கம்மா" என்றார் பணிவாக.

அதன்பின் எத்தனையோ தடவை, பார்த்துப் பார்த்து, அவர் பேச்சிலேயே பேசிப் பார்த்தேன். வேற்றாள் யாரோ தன்னைக் கேலி செய்வதுபோல விழித்தார். போய்ச்சேரும் வரைக்கும் எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசினார். இப்போதும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். மங்கலம் வந்தால் வாய் தன்னால் மூடிக்கொள்கிறது. 'ஏட்டி' என்று கூப்பிட அந்தப் பக்கம் ஆள் இல்லை; மாற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.