அழைப்பிதழில் அச்சான கேப்டன்

சேலையூரில் எட்மண்டின் வீட்டை விசாரித்தால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "கேப்டன் வூடா? சர்ச்சு தாண்டி ரைட்ல திரும்பு" என்பார்கள். ரயில்வே ஃபிட்டர் தனசிங்கின் மகன் விமானம் ஓட்டுகிறான் என்றால் சும்மாவா! எண்பதுகள் முழுக்க ஃபிளையிங் கிளப்பில் பாடம் எடுத்துக் காலம் தள்ளியவன். தொண்ணூறுகளில் தனியார் விமானங்கள் வந்தபிறகு ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பறந்து, இடது சீட்டுக்கு வந்து சேர்ந்தான். இடது சீட்டு கேப்டனுக்கு, வலது சீட்டு கோ-பைலட்டுக்கு. அந்த ஒரு முழ தூரத்தைத் தாண்டுவதற்குள் மனுஷனுக்குத் தலை நரைத்துவிடும்.

கம்பெனி படுத்தே ஒரு வருஷம் ஆகிவிட்டது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானத்தை ஓரங்கட்டி, அதிலிருந்து பார்ட்ஸைக் கழற்றி மற்றதில் மாட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். முதலில் எட்மண்டுக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. போனான், பறந்தான், வந்தான், சாப்பிட்டான். குழம்பில் உப்பு இல்லையென்று மனைவி ஹில்டா பாதிச் சாப்பாட்டில் கண்டுபிடித்துப் பதறியபோது, அவன் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றாறு தை மாதம் ஸ்ரீநிவாசன் போன் செய்தான். இருவரும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஸ்ரீநிவாசன் முந்திக்கொண்டு பம்பாய்க்காரர்களின் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டவன்.

"மச்சான், ஒரு எடம் காலியா இருக்கு. உன் பேரைச் சொல்லிட்டேன். ஆனா முதல்ல கோ-பைலட்டாத்தான் எடுப்பாங்க. ரெண்டு வருஷம் வலது பக்கம் உக்காரு, அப்புறம் பாத்துக்கலாம்."

"யோசிக்கிறேன்டா."

"என்னடா யோசனை? எந்தப் பக்கம் உக்கார்றோம்னு பாக்காத. வண்டி கிளம்புதான்னு பாரு. உங்க கம்பெனி பொங்கலைத் தாண்டினதே பெரிசு."

எட்மண்டுக்குப் போகவேண்டும் என்றும் இல்லை, இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஹில்டாவிடம் சொன்னான். அவளுக்குத்தான் பகீரென்றது.

காரணம் இல்லாமல் இல்லை. எட்மண்டின் தங்கை தபீதாளுக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட டீச்சர். வந்த வரன் எல்லாம் ஏதோ ஒரு சாக்கில் நழுவிப் போயிருந்தது. கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நல்ல இடம் கூடி வந்தது. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் பெரியப்பா லாசரஸ், "பொண்ணோட அண்ணன் கேப்டனாமே!" என்று இரண்டு தரம் கேட்டதை ஹில்டா காதால் கேட்டிருக்கிறாள். தகப்பன் இல்லாத வீடு. ஆகவே அழைப்பிதழில் அழைப்பவன் பெயராக 'கேப்டன் D. எட்மண்ட்' என்று தங்க எழுத்தில் அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்தும் ஆகிவிட்டது.

"கார்டுல கேப்டன். மண்டபத்துல கோ-பைலட்டா? அவங்க முகத்துல எப்படிங்க முழிக்கிறது? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதிச்சிருக்காங்க. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா தபீதாளுக்கு அவ்வளவுதான்."

"சரி" என்றான் எட்மண்ட். காப்பி வேண்டாம் என்பதைப்போல ஸ்ரீநிவாசனிடம் வேண்டாம் என்றான். ஸ்ரீநிவாசன் வாயில் வந்தபடி திட்டிவிட்டு போனை வைத்தான். அந்த இடத்தில் மறுவாரமே வேறொருவன் சேர்ந்துவிட்டான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கம்பெனி கதவைச் சாத்தியது. சாவியை வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை. எட்மண்ட் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து, பந்தல்காரனுக்கு நாற்காலி எத்தனை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். ஹில்டா அழுதாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, கல்யாணம் முடியட்டும்" என்றாள். அதற்கும் சரி என்றான்.

கல்யாணம் ஜோராக நடந்தது. பந்தியில் பிரியாணி பரிமாறும்போது லாசரஸ் பெரியப்பா எட்மண்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஹில்டா தயிர்ப் பச்சடி வாளியோடு எதிரே நின்றாள்.

"அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன் தம்பி. நீங்க எந்த ரெஜிமெண்டு?"

எட்மண்டுக்குப் புரியவில்லை.

"கேப்டன்னு கார்டுல போட்டிருக்கியள்லா? மிலிட்டரிதான?"

"இல்லீங்க. விமானம்... பிளேன் ஓட்டுறவங்களையும் கேப்டன்னு சொல்வாங்க."

"அட, அப்படியா! இத்தனை நாளா மிலிட்டரின்னுல்லா நெனச்சேன்." வயிறு குலுங்கச் சிரித்தார் அவர். "எதா இருந்தா என்ன? உங்களப் பாத்தா பொண்ணு எடுத்தோம்? உங்க தங்கச்சி கிளாஸ்ல பிள்ளைகள்லாம் அவளச் சுத்திச் சுத்தி வந்ததை எங்க வீட்டம்மா ஸ்கூலுக்கே போய்ப் பாத்துட்டு வந்தா. அன்னிக்கே முடிவு பண்ணியாச்சு."

ஹில்டாவின் கரண்டி வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இப்ப எந்த ஊருக்கு ஓட்டுதிய?" என்றார் பெரியப்பா, எலும்பை ஒதுக்கியபடி.

"இப்ப எதையும் ஓட்டலீங்க" என்றான் எட்மண்ட்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு வலித்தது. ஒரு வருஷமாக எங்கே போயிருந்ததோ அந்த வலி, பந்தி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.