சனிக்கிழமை வகுப்பு

சாலியமங்கலம் கடைத்தெருவில் இட்லி மாவு விற்கும் பிரகதீஸ்வரிக்குச் சனிக்கிழமைதான் வியாபாரம். மறுநாள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் காலையிலேயே பாத்திரத்தோடு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமைகளை மகளுக்காக அவள் விட்டுக்கொடுத்தாள். என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அவளுக்குக் கோபம்தான் வருகிறது.

கணவன் தமிழரசன் கத்தாரில் ஏசி மெக்கானிக். ஒரே பெண் நிறைமதி. முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளை இல்லை. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு தோசையை மூன்று முறை நேராக வெட்டினால் அதிகபட்சம் எத்தனை துண்டு வரும் என்று ஆரம்பித்தாள். பிறகு நான்கு வெட்டு, ஐந்து வெட்டு என்று போனது. அம்மாவும் பெண்ணும் ஒரு வாரத்துக்கு முழுத் தோசையே சாப்பிடவில்லை. ஆறு வெட்டுக்கான விடையை நிறைமதி கத்தியைத் தொடாமலே சொன்னாள். புது வெட்டு பழைய வெட்டு ஒவ்வொன்றையும் குறுக்கே தாண்ட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பிரகதீஸ்வரிக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. மகளின் முகத்தில் இருந்த சந்தோஷம் பிடிபட்டது.

நிறைமதி படித்த நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் இராஜாங்கம்தான் அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரி, ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமைதோறும் காலையில் கணிதம் சொல்லித்தரப் போகிறதாம். பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ள கணிதம். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. நிறைமதி தேர்வெழுதினாள். இடம் கிடைத்தது. பிரகதீஸ்வரி அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி மாவு கூடுதலாக ஊற்றினாள்.

முதல் முட்டுக்கட்டை ஜூன் மாதமே வந்தது. நிறைமதி புதிதாகச் சேர்ந்த மேல்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு உண்டு. அடுத்த வருஷம் வரப்போகிற பொதுத்தேர்வுக்கு இப்போதே தயார் செய்கிறார்களாம். தலைமையாசிரியை விஜயலட்சுமியைப் பார்க்க பிரகதீஸ்வரி போனாள். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முடியாது என்றார். மறுபடி போனாள். மறுபடியும் தண்ணீர் வந்தது.

"ஒரு பிள்ளைக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார் தலைமையாசிரியை.

"எல்லாரும் கேட்டா நல்லதுதானேங்க டீச்சர்?"

இராஜாங்கம் சார் போனில் பேசிய பிறகு ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. மாதத் தேர்வில் மார்க் ஒன்று குறைந்தாலும் நிறைமதி சிறப்பு வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். மார்க் கிடையாது என்று சொன்ன வகுப்புக்குப் போவதற்காகவே அந்தப் பெண் மார்க்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை கடையை உதவிக்கு வரும் ராஜாத்தியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். ஆரம்ப வாரங்களில் நிறைமதி திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஃபெபி என்று ஓர் இளம் பேராசிரியை கயிறும் காகிதமும் கொடுத்து, பிள்ளைகளையே கணக்கு உண்டாக்கச் சொல்கிறாராம். விடை தப்பாக வந்தால், ஏன் தப்பு என்பதை வைத்தே அடுத்த அரைமணி நேரம் ஓடுகிறதாம். சன்னலுக்கு வெளியே நாற்று நடவு நடந்துகொண்டிருக்கும். நிறைமதி அதைப் பார்க்கவே மாட்டாள். அம்மாவின் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றானபோதும் அவர்கள் போனார்கள். ஆனால் அதற்குள் பேச்சு குறைந்துவிட்டது. தீபாவளி முடிந்த வாரம், பஸ் ஸ்டாண்டில் வைத்து நிறைமதி சொன்னாள்: "அங்கயும் ஸ்கூல் மாதிரிதாம்மா இருக்கு. நான் இனிமே வரல."

பிரகதீஸ்வரிக்குச் சுருக்கென்றது. பள்ளியில் கெஞ்சியது, மழையில் நனைந்தது, வாடிக்கை கைவிட்டுப் போனது எல்லாம் வாய்க்கு வந்தது. நீ போகத்தான் வேண்டும் என்று கடைசியில் சொன்னாள். நிறைமதி பஸ் ஏறினாள். பேசாமல் போய்வந்தாள். அந்த மௌனம்தான் தாய்க்குத் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வழக்கமாகக் காத்திருக்கும் மரத்தடியை விட்டு எழுந்து மாடிக்குப் போய் வகுப்பை எட்டிப் பார்த்தாள். ஃபெபி இல்லை. கணினித் திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் தலை நிமிராமல் விடைத்தாளின் வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். நிறைமதி எப்போதோ முடித்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. வகுப்பை நடத்தும் பொறுப்பாளர் ஆண்டனி, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எழுதும் நுழைவுத்தேர்வுக்கு இப்போதிருந்தே பயிற்சி கொடுப்பதைப் பெருமையோடு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரகதீஸ்வரி எழுந்தாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை.

"மொதல்ல பிள்ளைங்களே கணக்கு உண்டாக்குச்சுங்க. அது ஏன் சார் நின்னு போச்சு?"

பெற்றோர்கள் விரும்பியதால்தான் மாற்றினோம் என்றார் ஆண்டனி.

"நான் விரும்பலீங்களே. என்னைய யாரும் கேக்கவே இல்லையே."

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, விளையாட்டுக் கணக்கெல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம் என்று சிரித்தபடி சொன்னார். ஆண்டனி யோசிப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். கூட்டம் முடிந்ததும் பிரகதீஸ்வரி ஃபெபியைத் தேடிப் பிடித்தாள். தன்னைக் கல்லூரியின் முதலாண்டு வகுப்புகளுக்கு மாற்றிவிட்டார்கள், தானும் சண்டை போட்டுப் பார்த்தாயிற்று என்றார் அவர். நிறைமதியைப் போல யோசிக்கிற பிள்ளையை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டதற்கு, தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அன்று பஸ்ஸில் பிரகதீஸ்வரி மகளிடம், இனிமேல் வர வேண்டாம் என்றாள். பஸ் ஸ்டாண்டில் திட்டியதற்கு வருத்தப்படுவதாகச் சொல்லத் திரும்பினாள். நிறைமதி தூங்கிப்போயிருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளியின் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்து, பாடத்தில் ஏற்கெனவே தெரிந்த கேள்விகளுக்குத் திரும்பத் திரும்ப விடை எழுதினாள். ஃபெபி எப்போதாவது வாட்ஸப்பில் ஒரு புதிர் அனுப்புவார். அது வருகிற நாட்களில் வீட்டில் கொஞ்சம் பேச்சு இருக்கும்.

இந்தச் சித்திரையில் மறுபடி அதே அறிவிப்பு வந்தது. பக்கத்துச் செல்போன் கடை அஸாரின் மகள் எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். அனுப்பலாமா என்று அவர் கேட்க வந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் பிரகதீஸ்வரி வாயெடுத்தாள். அந்தப் பெண் கடைவாசலில் நின்று, செல்போன் பூட்டுக்கு எத்தனை விதமாக நம்பர் வைக்கலாம் என்று நிறைமதியோடு வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சொல்லவில்லை.

"யார் நடத்துறாங்க, என்ன நடத்துறாங்கன்னு முதல்லயே கேட்டுக்கங்க பாய்."

"நான் கேட்டா சொல்லுவாங்களா?"

"தனியா கேட்டா சொல்ல மாட்டாங்க. நானும் வர்றேன்."

திங்கட்கிழமை இரண்டு பேரும் தஞ்சாவூர் போனார்கள். ஆண்டனி மீட்டிங்கில் இருக்கிறார், நேரமாகும், இன்னொரு நாள் வாருங்கள் என்றாள் வரவேற்பறைப் பெண். பிரகதீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அஸார் தயங்கி நின்றார். உட்காருங்க பாய், அவர் வெளிய வந்துதானே ஆகணும் என்று சொல்லிவிட்டு, அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.