தப்பு விடைக்கும் ஒரு பக்கம்

தேன்மொழி டீச்சர் போய்விட்டார். இன்று காலை மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எங்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் சயின்ஸ். ஓரிக்கையிலிருந்து ஆறு வருடமாக ஒரே பஸ்.

ஒருநாள் லஞ்சில் போனை நீட்டினார். பிள்ளைகளுக்காக அவரே தயாரித்த ஆன்லைன் க்விஸ் ஃபார்ம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? அவசரத்தில் ஐந்தில் இரண்டு என்று டிக் செய்துவிட்டேன்.

"இன்னாமா, சயின்ஸ் டீச்சரே அவுட்டா!" என்று ஒரே சிரிப்பு.

ஃபார்ம் சிரிக்கவில்லை. "கீழ இருக்கிற நம்பரையும் கூட்டிட்டியா கண்ணு? வா, பாதி தோசையில இருந்து ஆரம்பிக்கலாம்" என்று வேறு பக்கத்துக்குக் கூட்டிப்போனது. ஒவ்வொரு தப்பு விடைக்கும் ஒரு தனிப் பக்கம் போட்டிருந்தார். சரியாகப் போட்டவர்களுக்கு இன்னும் கஷ்டமான கணக்கு. அவருடைய ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போய்விடும்.

அப்புறம் அந்தப் பேரண்ட்ஸ் மீட்டிங்...

காவ்யாவின் அப்பா தறி நெய்கிறவர். கையில் இரண்டு போனோடு வந்தார், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது.

"பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெரிய கணக்கு, எம் பொண்ணுக்கு மட்டும் தோசைக் கணக்கா? தறிக்காரன் பொண்ணுக்கு இது போதும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"அப்படியில்லீங்க..." என்று ஆரம்பிப்பதற்குள் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெச்.எம். எங்கள் பக்கம் திரும்பி, "இது எப்படி வேலை செய்யுதுன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொன்னால், சயின்ஸுக்கும் ஃபார்ம் போடு என்பார். அந்தச் சோம்பேறித்தனத்துக்காகக் குனிந்து அட்டெண்டன்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சே!

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். டீச்சர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் வழக்கம்போல எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்று டீச்சர் வீட்டு வாசலில் காவ்யாவின் அப்பா மாலையோடு நின்றிருந்தார். அழுது முகமே வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"தப்பா போட்டா அது சொல்லிக் குடுக்கும்னு பொண்ணு அப்புறந்தான் சொல்லிச்சு டீச்சர். இப்பல்லாம் கணக்குப் பேப்பரை வெள்ளையாவே குடுத்துட்டு வந்துக்கினு இருக்குது. அன்னைக்கு யாராச்சும் ஒருத்தர் எனக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"அப்ப யாருக்கும் தெரியலீங்க" என்றேன்.

டீச்சர்... இன்றைக்கும் உங்களை விட்டுக்கொடுத்துவிட்டேன். போய் வாருங்கள்.