ஊர் ஊராகப் போய் வாசிப்பவள்

வீட்டில் அவளுக்கு மூட்டை என்று பெயர். சின்ன வயதில் புத்தகமும் கையுமாக ஏதாவது ஒரு மூலையில் சுருண்டு தூங்கிப்போவாள். அண்ணன்தான் அப்படியே அள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கையில் போடுவான். "இந்தாம்மா உன் மூட்டை" என்று அம்மாவிடம் சொல்வான். அவளுக்கு நாற்பது தாண்டிய பிறகும், பேருந்துப் பணிமனையில் தலைமை மெக்கானிக்காகிவிட்ட அண்ணன், "என்ன மூட்டை, சாப்ட்டியா?" என்றுதான் போனில் பேச்சை ஆரம்பிப்பான்.

கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பத் தொடங்கியபோது வரன் தேடும் வயது போயிருந்தது. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டிலேயே ஓர் அறை கிடைத்தது. வேலை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் போனில் புகார் கேட்பது. கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்கள்கூட அவள் நாலு வார்த்தை பேசியதும் அடங்கிவிடுவார்கள். ஒருநாள் இடிபட்ட காருக்காகச் சண்டை போட ஒருவர் கூப்பிட்டார். அவள் விதிமுறைகளை நிறுத்தி நிதானமாக அவருக்குப் படித்துக் காட்டினாள். மறுமுனையில் சத்தமே இல்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. இவ்ளோ போரான சமாச்சாரத்த ஒருத்தர் படிச்சு நான் முழுசா கேட்டது இதுதான் முதல் தடவ. நீங்க கதை படிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுட்டு இருந்தேன்."

அவர் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஸ்டுடியோ ஒன்றை நடத்திவந்தார். காருக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, அவளுக்கு வேறு வேலை கிடைத்தது. புத்தகம் படிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவளாலேயே கொஞ்ச நாள் நம்ப முடியவில்லை. காப்பீட்டு வேலையை விட்டாள். மைக் வாங்கினாள், லேப்டாப் வாங்கினாள், தன் அறையின் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டாள்.

ஆனால் வீடு விடவில்லை. வீட்டிலேயே இருக்கிறவள்தானே என்று பார்சல் வாங்க அவள், சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்க அவள், அண்ணன் பிள்ளைகளின் சீருடைக்குப் பொத்தான் தைக்கவும் அவள். கதாநாயகி உயிரை விடும் இடத்தில் அண்ணி கதவைத் திறந்து, "தண்ணி மோட்டார் போட்டியா?" என்பாள். செத்தவளை மறுபடி எழுப்பி, மறுபடி சாகவைக்க வேண்டியிருக்கும்.

படிக்கிற புத்தகங்களோ அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. துறைமுகம், பனி, பாலைவனம், யாரோ ஒருவரின் மொட்டைமாடி. அவள் கண்டதெல்லாம் அலுவலகத்துக்குப் போகும் ஒரே சாலை. இப்போது அந்தச் சாலையும் இல்லை. தன் வேலைக்கு ஒரு மேசையும் அமைதியும் போதும், அந்த மேசை இந்த வீட்டில்தான் கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது ஒரு காலையில் அவளுக்குத் தெளிவானது. அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள்.

"ஒத்தையா போய் என்ன பண்ணுவ?" என்றாள் அண்ணி.

"படிப்பேன்."

"அத இங்க உக்காந்து படிச்சா ஆகாதா?"

"இங்க மிக்ஸியும் சேர்ந்து படிக்குது, அண்ணி."

அண்ணன் சிரிக்கவில்லை. "ஊருக்கு ஒரு வீடு, வாரத்துக்கு ஒரு ரூம்னு அலையற வயசா இது? காய்ச்சல் வந்தா யாரு பாப்பா?"

"காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுப்பேன். இந்த வயசுல போகலன்னா எந்த வயசுல போறது?"

போய்விட்டாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. பெட்டியில் துணியைவிடப் புத்தகம் அதிகம் என்பதால், முடித்த புத்தகத்தைத் தங்கிய அறையிலேயே விட்டுவிட்டு அடுத்ததை வாங்குவது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டாள். முதல் ஊரின் விடுதி மேலாளர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "கூட யாரு வராங்க?" என்றார். யாரும் இல்லை என்றதும் சாவி மேசைக்குள் போனது. அடுத்த விடுதியிலும் அதே கதை. மூன்றாவதில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "காரணம் சொல்லுங்க, கேட்டுக்கறேன். காரணம் இல்லன்னா சாவியக் குடுங்க" என்றாள், காப்பீட்டுக் குரலில். சாவி கிடைத்தது.

அந்த அறைக்குப் பின்னாலேயே ரயில் பாதை ஓடியது. அடுத்த ஊரில் ஏசி பெட்டியின் மேல் புறாக்கள் குடித்தனம் நடத்தின. மெல்ல மெல்லத் தொழில் பிடிபட்டது. அறை பார்க்கப் போனால் முதலில் நடுவில் நின்று கைதட்டி எதிரொலி கேட்பாள். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பகலில் வாசிப்பு, சாயங்காலம் ஊர் சுற்றல், எங்கே போனாலும் ஒரு பழைய புத்தகக் கடை. தனியாகச் சாப்பிடும்போது சுவரில் சாய்த்து வைத்துப் படிக்க எப்போதும் ஒன்று இருந்தது. ஏங்கிப்போய் அழுத நாள்களும் உண்டு. அழுதால் மூக்கடைத்துக்கொண்டு குரல் கெட்டுப்போகிறது என்பதால் அதையும் குறைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வருடம் ஒரு மலையூரில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, அவள் பலமுறை கேட்டு வாங்கிய பெரிய நாவல் கைக்கு வந்தது. கப்பல் பழுது பார்க்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. குளிரில் தொண்டை கரகரத்ததை அவள் சட்டை செய்யவில்லை. வெந்நீரைக் குடித்துக்கொண்டே பாதிவரை வாசித்துவிட்டாள். ஒரு காலை எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"குரல் நாண்ல நல்லா வீங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "நான் சொல்றவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதவிட மோசம். பழைய மாதிரி வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

ஸ்டுடியோவிலிருந்து செய்தி வந்தது: காத்திருக்க வழியில்லை, நாவலை வேறொருவருக்குக் கொடுக்கிறோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வாய்விட்டு அழக்கூட முடியாதபடி ஆகிவிட்டது.

அண்ணன் கூப்பிட்டபோது போனை எடுக்காமல் விஷயத்தைத் தட்டி அனுப்பினாள். மறுநாள் மழையில் நனைந்தபடி அவன் வாசலில் நின்றான். அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போவதற்கென்று பெரிய காலிப் பை ஒன்றையும் கொண்டுவந்திருந்தான்.

"போதும் மூட்டை. கிளம்பு."

அவள் போனில் தட்டி நீட்டினாள்: வரமாட்டேன்.

"குரலே போச்சு, இன்னும் இங்க என்ன வேல?"

குரல் வந்ததும் வேலை.

"வரலன்னா?"

அப்போது யோசிப்பேன். இங்கேயே யோசிப்பேன்.

"நான் கத்தறேன், நீ டைப் அடிக்கற. இதெல்லாம் ஒரு சண்டையா?" என்று அவன் பையைத் தரையில் வீசினான். அவள் அதை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள்.

மழையில் மலைப்பாதை சரிந்து பேருந்து நின்றுபோனதால் அவனும் தங்கவேண்டியதாயிற்று. பணிமனை இரைச்சலிலேயே வாழ்ந்தவனுக்கு அந்த அறையின் அமைதி பிடிபடவில்லை. குழாயைக் கழற்றி மாட்டினான். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டான். பழுது பார்க்க இனி எதுவும் இல்லை என்றானதும் மேசையிலிருந்த நாவலை எடுத்து, அவள் விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவன் படிக்கும் முதல் கதை. உதிரிபாகப் பட்டியல் வாசிப்பதுபோல் எல்லா வார்த்தையையும் ஒரே கனத்தில் போட்டான். அவள் கையை அசைத்து மெதுவாக என்று காட்டினாள். கொஞ்சம் மெதுவானான்.

மறுநாள் அவள் சொல்லாமலேயே புத்தகத்தை எடுத்தான். கீழ்வீட்டு வீட்டுக்காரம்மாவும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இஞ்சின் பழுதாகும் பக்கங்களில் அவன் நிறுத்தி நிறுத்தி, "இப்படிக் கழட்டினா எங்க சேரும்?" என்று எழுதியவரிடமே சண்டை போட்டான். கடைசி மகன் சொல்லாமல் கப்பலேறும் இடம் வந்தது. அப்பன் அவனைத் தேடிப்பிடித்து இழுத்துவர ஆள் அனுப்புகிறான்.

"இவன் என்ன மடையனா? விட்டா போயிட்டு வரப்போறான்..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். வீட்டுக்காரம்மா, "மேல படிங்க தம்பி" என்றார். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான். அவள் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாதை சீரான அன்று அவன் கிளம்பினான். கிளம்பு என்று மறுபடி சொல்லவில்லை. நாவல் இன்னும் முடியவில்லை என்று அதை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டான்.

டாக்டரம்மா அனுமதித்தபோது வந்த குரல் வேறாக இருந்தது. அடியில் மணல் கலந்ததுபோல் ஒரு கரகரப்பு. அவள் தினமும் பயிற்சி செய்தாள், வாய் மூடி முனகினாள், பதிவுசெய்து அனுப்பினாள்.

"பழைய குரல் இல்லையே மேடம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"இல்ல சார். அது இனி வராது. இதுதான் இருக்கு. இதுக்கு எது பொருந்தும்னு தேடுங்க. நான் நாளைக்கும் கூப்பிடுவேன்."

கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். கடைசியில் பாறைகளைப் பற்றிய ஒரு தடிமனான பாடநூல் கிடைத்தது. யாரும் தொடாமல் கிடந்தது. அவள் அதைத் துப்பறியும் கதைபோல் ஊன்றிப் படித்து முடித்தாள். அதற்குப் பிறகு உண்மையாகவே ஒரு துப்பறியும் தொடர் வந்தது. அந்தக் கப்பல் நாவல் வேறொரு பெண்ணின் குரலில் வெளியானபோது, ஊர் மாறும் பேருந்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். புயல் வரும் அத்தியாயத்தை அந்தப் பெண் தன்னைவிட நன்றாகவே வாசித்திருந்தாள். சுருக்கென்றது. அதை மட்டும் திரும்பவும் போட்டுக் கேட்டாள்.

இப்போது ஒரு துறைமுக ஊரில் தச்சுப் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறாள். வந்த அன்றே கீழே இறங்கிப் போய்த் தச்சரிடம் பேசினாள்.

"மெஷின் ரம்பம் எப்பெப்ப ஓடுங்க?"

"எதுக்கும்மா?"

"நான் மேல படிக்கணும்."

"இந்த வயசுல பரீட்சையா?"

"இல்லங்க, வேலையே அதான்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். "மதியம் சாப்ட்டதும் நான் ஒரு தூக்கம் போடுவேன். அப்ப படிங்க."

"உங்க தூக்கம் குட்டித் தூக்கமா, நல்ல தூக்கமா?"

"நீங்க படிக்கறது நல்லா இருந்தா நீளும்" என்று சிரித்தார்.

அவள் படியேறிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.