மாற்றிக் கொடுத்த பெட்டி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் போய் சண்முகவள்ளி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். அவளிடம் நேரில்தான் பேச முடியும். போனை அவள் இப்போது கையால்கூடத் தொடுவதில்லை.

சண்முகவள்ளிக்குச் சின்னாளபட்டியில் அங்கன்வாடி வேலை. கணவன் நல்லுசாமி விடிகாலையில் பூ மூட்டையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போனால் திரும்ப மதியம் தாண்டிவிடும், வந்ததும் அசந்து தூங்கிவிடுவான். மல்லிகைத் தோட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்ட் அந்தப் பங்குனி வெயிலில் காலையில் கொஞ்ச நேரமும், பிறகு சாயங்காலம் நாலரைக்கும்தான் வந்தது. சாயங்காலம் அந்த நேரத்தில் அவள் வேலை முடிந்து திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்பாள்.

அதனால் மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கினாள். மோட்டார் ரூம் சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு. எங்கிருந்தாவது அந்த நம்பருக்கு அடித்தால் மோட்டார் ஓடும். ‘மோட்டார் இயங்குகிறது’ என்று பதிவு செய்த பெண் குரல் சொல்லும்.

நல்லுசாமிக்கு அது பிடிக்கவில்லை. கையால் தட்டுகிற சுவிட்சுக்கு எதற்குப் போன் என்று கேட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் சரியான பேச்சில்லை.

ஏப்ரல் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. மாலை 4.40. பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அடித்தாள். லைன் கிடைத்தது. பெண் குரல் வரவில்லை.

சொட்... சொட்... என்று தண்ணீர் விழும் சத்தம்.

பிறகு ஓர் ஆண் குரல். ஆழத்திலிருந்து வந்தது.

“செத்த பொறு தாயி... இன்னும் ஏறல.”

லைன் அறுந்தது. மோட்டார் ஓடவில்லை.

ராங் நம்பர் என்று நினைத்தாள். மறுநாளும் 4.40. அதே குரல், கூடவே வறட்டு இருமல். மூன்றாம் நாள் இரும்பில் இரும்பு மோதும் சத்தம். டங்... டங்... காலையில் அடித்துப் பார்த்தால் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. சாயங்காலம்தான் இந்தக் கோளாறு.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றடிக்கே போய் நின்றாள். 4.40க்கு அடித்தாள். காதில் அந்தக் குரல். பயந்துபோய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் குழாயைச் சுற்றி வட்ட வட்டமாக அசைந்துகொண்டிருந்தது... யாரோ இடுப்பளவு நின்று அசைவது மாதிரி.

திங்கட்கிழமை பெட்டியைக் கழற்றித் திண்டுக்கல்லில் அதை வாங்கிய கடைக்குக் கொண்டுபோனாள். கவுண்டரில் இருந்தவர் ஜமால் முகமது, ஐம்பது வயதுக்காரர். ஒயரை மாட்டி அடித்துப் பார்த்தார். ‘மோட்டார் இயங்குகிறது’ என்றது பெண் குரல்.

“இங்க நல்லாத்தானம்மா ஓடுது. வீட்டுல ஆம்பளையாளு இருந்தா அனுப்பிவிடுங்க, சொல்லித்தாரேன்.”

குரல் கேட்பதைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். கடையில் வாங்கிய புதுப் பொருளை ஏழு நாளுக்குள் மாற்றலாம். ஆனால் குறை இருந்தால்தான் மாற்ற முடியும். குறையைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும் என்றார் அவர். கம்பெனி நம்பருக்கு அடித்தால் ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. வியாழக்கிழமை இன்னொரு தடவை போனாள். அட்டைப் பெட்டிக்குள் இருந்த தெர்மோகோல் எங்கே என்று கேட்டார்கள். அதைத் தேடிக் கொண்டுபோவதற்குள் ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் மாட்டினாள். நல்லுசாமி பார்த்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனான். சிரித்தவர்கள் முன்னாலேயே அந்தப் பெட்டியைப் பேசவைத்துக் காட்டுவது என்று அவள் முடிவு செய்தாள்.

பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பர்மிஷன் போட்டுவிட்டு 4.30க்கே கடையில் போய் உட்கார்ந்தாள். பெட்டியைக் கண்ணாடிக் கவுண்டர் மேல் வைத்து ஒயரை மாட்டச் சொன்னாள். இன்னும் பத்து நிமிஷம் இரும் என்றாள். மரியாதையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

4.40. அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

சொட்... சொட்...

டங்... டங்...

“செத்த பொறு தாயி... இன்னும் ஏறல...”

கடையில் இருந்தவர்கள் கவுண்டரைச் சுற்றிக் கூடினார்கள்.

ஜமால் முகமது பெட்டியைத் தூக்கினார். அடியில் கண்ணாடி நனைந்திருந்தது.

அவர் பில் கேட்கவில்லை. தெர்மோகோல் கேட்கவில்லை. உள்ளே போய்ப் புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இத எடுத்துட்டுப் போங்கம்மா. அது இங்கயே இருக்கட்டும்.”

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளூர் எலக்ட்ரீசியன் வந்து புதுப் பெட்டியை மாட்டினார். நல்லுசாமி அப்போது மார்க்கெட்டில் இருந்தான். அவனிடம் அவள் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

மாலை 4.40. பஸ் ஸ்டாண்டில் அடித்தாள்.

‘மோட்டார் இயங்குகிறது.’

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.

4.52க்குப் போன் வந்தது. நல்லுசாமி. அழுதான்.

சுவிட்சைத் தட்டி ஓட்டினால் தண்ணீர் பாதிதான் வருகிறது, குழாயில் எங்கோ கசிவு என்று அவனுக்குச் சந்தேகம். தாடிக்கொம்பிலிருந்து முத்துச்சாமி என்ற மெக்கானிக்கை அன்று அழைத்து வந்திருக்கிறான். அவளிடம் அவனும் சொல்லவில்லை. சுவரில் இருந்தது ஓடாத பழைய பெட்டிதான் என்று நினைத்து, பியூஸைப் பிடுங்காமல் அந்த மனிதரைக் கிணற்றில் இறக்கியிருக்கிறான். உள்ளே கேபிள் நைந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. மோட்டார் தானாக ஓடி, தண்ணீரில் கரண்ட் பாய்ந்தபோது முத்துச்சாமி தண்ணீருக்குள் நின்று, ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சண்முகவள்ளி அவரை உயிரோடு பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. அவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. முத்துச்சாமியின் மனைவி அய்யம்மாள் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்தாள். மகளுக்கு அவர் கடைசியாக அனுப்பியது என்று போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டாள்.

வறட்டு இருமல்.

“செத்த பொறு தாயி... இன்னும் பஸ் ஏறல.”

அதே குரல்.

அவர் கிணற்றில் இறங்கியது பதினாறாம் தேதி. அந்தக் குரலை அவள் முதலில் கேட்டது மூன்றாம் தேதி.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. 5.10க்குப் போன் அடித்தது. கடையிலிருந்து ஜமால் முகமது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தயங்கித் தயங்கிப் பேசினார். அந்தப் பழைய பெட்டியைக் கம்பெனிக்கு அனுப்பினாராம். குறை எதுவும் இல்லை என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். முதலாளி அதைப் புதுசு என்று வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தோட்டக்காரருக்கு விற்றுவிட்டாராம்.

“அவரு ஒரு வாரமா வந்து சண்ட போடுறாரும்மா. அடிச்சா மோட்டார் ஓடலயாம். ஏதோ சின்னப் பிள்ளை பேசுதாம்... அப்பா, இரு, இருங்குதாம். ஒங்களுக்குக் கேட்டது பெரியாளு கொரல்தான?”



“மாத்திக் குடுத்துராதீங்க” என்றாள்.

“காலையிலயே குடுத்துட்டேனேம்மா.”

அந்தத் தோட்டக்காரரின் நம்பரை வாங்கினாள். பதினோரு தடவை அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

பின்னால் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.