கம்ப்ரஸரும் ஃபில்டரும் நானும்

பேஸ் கிடார் சரியாக ஒலிக்கிறவரை அப்படி ஒரு வாத்தியம் மேடையில் இருப்பதே யாருக்கும் தெரியாது. கொஞ்சம் பிசகினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

என் பெயர் ஜெயந்தி. பகலில் புதுக்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாண வரவேற்பு, திருவிழா என்றால் சேகர் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில், பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற பேஸ் கிடார். கீபோர்டு வாசிப்பதும் குழுவை நடத்துவதும் மாஸ்டர்தான். காலடியில் பெடல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு குனிந்து எதையாவது திருகிக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடம் இருப்பவை இரண்டு பெடல்கள், கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற சின்னக் கருவிகள். கம்ப்ரஸர் என்பது, ஓங்கி மீட்டினாலும் மெல்ல மீட்டினாலும் சத்தத்தை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிறுத்துவது. ஃபில்டர் என்பது, விரல் அழுந்துகிற அளவுக்கு ஒலியின் வாயைத் திறந்து மூடி ‘வவ் வவ்’ என்று பேசவைப்பது. தனித்தனியாக இரண்டும் தங்கம். சேர்த்து வைத்தால்தான் சண்டை.

அரிமளத்தில் முதல் மிதி

ஃபில்டர் பெடல் வாங்கிய புதிதில் அரிமளத்தில் ஒரு வரவேற்பு. பட்டுப் புடவையோடு நின்று பெடலை மிதிப்பது என்ன கஷ்டம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொசுவத்தை ஒரு கையால் தூக்கினால் வாசிக்கக் கை இல்லை. தூக்காவிட்டால் கால் பெடலில் விழுகிறதா தரையில் விழுகிறதா என்று தெரியவில்லை. நான் பாட்டு முழுக்கக் காலால் துழாவிக்கொண்டே இருந்தேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா என் முகத்தையோ கிடாரையோ பார்க்கவே இல்லை. பார்வை முழுக்க என் பாதத்தில்தான். பாட்டு முடிந்ததும் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். “ஏம்மா, மிதிச்சுக்கிட்டே இருக்கியே, அங்கிட்டு என்ன தையல் மெஷினா வச்சிருக்கே?”

தவளை

அடுத்தது புதுக்கோட்டையிலேயே ஒரு மண்டபம். உருக்கமான ஒரு டூயட். ஃபில்டரை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்ற நிதானம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆசையில் பல்லவியிலேயே மிதித்துவிட்டேன். திருகியிருந்த அளவும் அதிகம். பாடகி கண்ணை மூடி “பிரிவென்ன” என்று இழுக்க, நான் கீழே ‘குவாக்’ என்றேன். அடுத்த அடிக்கும் ‘குவாக்’. அந்தப் பெண் சமாளித்துப் பார்த்தாள். மூன்றாவது குவாக்கில் சிரிப்பு வந்து, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள்.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டும்போது மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிகவும் மரியாதையாகச் சொன்னார். “ஜெயந்திம்மா, இனி பேஸை நானே கீபோர்டுல எடது கையால போட்டுக்கலாம்னு பாக்குறேன். நீங்க வேணா கோரஸ் பாடுறீங்களா?”

கட்டுமாவடியில் எஞ்சின் சத்தம்

இன்னும் ஒரு கச்சேரி பார்க்கலாம் என்று கெஞ்சி வாங்கினேன். கிடாருக்கும் ஃபில்டருக்கும் நடுவே கம்ப்ரஸரைப் போட்டேன். என் விரலின் வேகத்தை அது அடக்கிவிட்டால் தவளை கத்தாது என்பது என் கணக்கு. பயத்தில் கம்ப்ரஸரைக் கடைசிவரை திருகியும் விட்டேன்.

கட்டுமாவடியில் ஒரு படகு முதலாளி வீட்டுக் கல்யாணம். தவளை கத்தவில்லை, உண்மைதான். ஆனால் நான் எப்படி மீட்டினாலும் எல்லாம் ஒரே அளவில் வருவதால், ஃபில்டரும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு வாயைத் திறந்து மூடியது. பாட்டு நெடுகக் கொட்டாவி விட்டதுபோல இருந்தது. அது போகட்டும். கம்ப்ரஸருக்கு இன்னொரு குணம் உண்டு. நாம் வாசிப்பதை நிறுத்தினால், பின்னால் கிடக்கிற சின்ன இரைச்சலையும் அது மேலே தூக்கிவிடும். முதலாளி வரவேற்றுப் பேச மைக்கைப் பிடித்தார். நான் கையை எடுத்தேன். ‘ஙொய்ய்’ என்று ஒரு முனகல் மெல்ல ஏறிக் கூட்டத்தை நிறைத்தது. அது என் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிறது என்று எனக்கு உறைப்பதற்குள் முதலாளி பேச்சை நிறுத்திவிட்டுக் கடல் பக்கம் பார்த்தார். “யாருய்யா படகு எஞ்சின ஓடவிட்டுட்டு வந்தது? போயி நிறுத்திட்டு வாங்க.”

மதனியின் காது

வேனில் திரும்பும்போது எனக்கு அழுகை முட்டியது. குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் யாகூப் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை பெடல்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் மாடியில் உட்கார்ந்து ஒரே தாளத்தை அடித்துக்கொண்டே இருக்க, நான் வயரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். கடைசியில் வரிசையைத் திருப்பிப் போட்டேன். கிடாரிலிருந்து நேரே ஃபில்டர், அதற்கப்புறம் கம்ப்ரஸர். இப்போது ஃபில்டருக்கு என் விரலின் ஏற்ற இறக்கம் அப்படியே போனது. மெல்லத் தொட்டால் முணுமுணுத்தது, அழுத்தினால் வாய் திறந்தது. அது எல்லை தாண்டும் இடத்தில் மட்டும் கம்ப்ரஸர் பிடித்துக்கொண்டது. பிடிப்பதையும் கொஞ்சம் தாமதமாக வைத்தேன், விரல் தொடுகிற முதல் ‘டக்’ தப்பிப் போகட்டும் என்று. ஃபில்டர் அடிச்சத்தத்தைத் தின்றுவிடாமல் கிடாரின் சொந்த ஒலியையும் பாதி கலந்தேன். இரண்டு பெடலும் முதல்முறையாக ஒன்றையொன்று மதித்தன.

சரியாகத்தான் இருக்கிறதா, என் ஆசையா என்று எனக்குச் சந்தேகம். அண்ணனும் தலையைச் சொறிந்தார். அப்போது அண்ணனின் மனைவி, எங்களுக்கெல்லாம் மதனி, டீயோடு படியேறி வந்து, டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார். “இப்பத்தான் மனுசர் பேசுற மாதிரி இருக்கு. இம்புட்டு நேரமும் மூக்கடைச்சவுக மாதிரில்ல இருந்துச்சு.”

இடது கை

திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டார் எல்லாரும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். மாஸ்டர் சொன்னபடியே முதல் சில பாட்டுகளுக்குப் பேஸை இடது கையால் வாசித்தார். நான் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு கோரஸ் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே வாசித்தார்.

பிறகு ஒரு வேகமான பாட்டு. நடு இசையில் வயலினும் புல்லாங்குழலும் மாறிமாறி வரும். இரண்டும் அவர் கீபோர்டில்தான். இரண்டு கையும் மேல் கட்டைகளுக்குப் போனதும் பாட்டுக்கு அடியில் ஓடிய பேஸ் காணாமல் போனது. யாகூப் அண்ணன் டிரம்ஸை மட்டும் வைத்துக்கொண்டு தவித்தார். மாஸ்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் எழுந்து பாட்டுக்குள் நுழைந்தேன். புல்லாங்குழல் ஓய்கிற இடத்தில், ஒரே ஒரு வரிக்கு ஃபில்டரை மிதித்தேன். சிரிக்கிற அளவுக்கு இல்லை, ஒரு சின்னக் குறும்பு. பாடகி சிரித்தாள், ஆனால் இந்த முறை என்னைப் பார்த்து, தாளத்தை விடாமல். முன்வரிசையில் ஒரு மாமா கைக்கடிகாரத்தைத் தளர்த்திவிட்டுத் தோளை ஆட்ட ஆரம்பித்தார்.

கடைசிப் பாட்டுவரை நான்தான் வாசித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மாஸ்டர் எனக்கு எதிரே வந்து அமர்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “எடது கைக்கு எனக்கு வேற வேலை இருக்குங்க. பேஸை நீங்களே பாத்துக்கங்க ஜெயந்திம்மா.”

இந்த இரண்டு பெடலையும் சமாதானப்படுத்த நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும் என்பதால், மூன்றாவதாக ஒன்று வாங்குவதற்கு நேற்று ஆர்டர் சொல்லியிருக்கிறேன் என்பதும் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.